கணுக்கால் கணக்கு: கீதாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கீதா,

பாரிஸுக்கும் அப்படியே இத்தாலிக்கும் வர விசா வந்துவிட்டதில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். எத்தனை வருஷமாக ‘அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு’ என்று தள்ளிக்கொண்டே வந்தாய்! வங்கியில் ஓய்வு பெற்ற கையோடு கிளம்புகிறாய் பார், அதுதான் சரி. அண்ணனுக்கு முட்டி வலி தேவலையா? பாரிஸ் மெட்ரோவில் பாதிக்கு மேல் ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது, படிதான். இப்போதே சாயங்காலம் அவரைக் கடற்கரைச் சாலையில் நடக்க வை.

இங்கே எல்லோரும் சுகம். இவர் வேலையிலிருந்து நின்ற பிறகு பால்கனியில் கறிவேப்பிலை வளர்ப்பதில் இறங்கியிருக்கிறார். குளிர் ஆரம்பித்தால் தொட்டியை ஹாலுக்குள் கொண்டுவர வேண்டும். அதை ஹீட்டர் பக்கம் வைப்பதா, ஜன்னல் பக்கம் வைப்பதா என்று வீட்டில் ஒரு மாநாடே நடக்கும். சின்னவள் லியோனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் அறை காலியாகத்தான் கிடக்கிறது. ஹோட்டல் கீட்டல் என்று பேச்சே எடுக்காதே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ‘இந்த வயதில் ஜீன்ஸ் போட்டால் நன்றாக இருக்குமா, அங்கே எல்லோரும் ஸ்டைலாக இருப்பார்களே, நான் மட்டும் பட்டிக்காடு மாதிரி தெரிவேனோ’ என்று எழுதியிருந்தாய். தாராளமாகப் போடு. அக்டோபரில் பாரிஸில் பகலிலேயே 15, 16 டிகிரியைத் தாண்டினால் பெரிய விஷயம். நாள் முழுக்க நடக்க வேண்டும், கல் படிகளில் உட்கார வேண்டும், ரயிலில் ஏறி இறங்க வேண்டும். இதற்கெல்லாம் ஜீன்ஸை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

‘பொம்பளைக்கு எதற்குப் பேன்ட்’ என்று உன் மாமியார் சொன்னார் என்றாயே. அவரிடம் சொல், பாரிஸ் போலீஸும் ஒரு காலத்தில் அவர் கட்சிதான் என்று. 1800ஆம் ஆண்டு நவம்பரில் இங்கே ஓர் உத்தரவு போட்டார்கள். பெண்கள் ஆண்களைப் போல உடுத்த வேண்டுமானால் போலீஸ் தலைமையகத்துக்குப் போய் அனுமதி வாங்க வேண்டும். 1892இலும் 1909இலும் கொஞ்சம் இளகி, கையில் குதிரையின் கடிவாளமோ சைக்கிள் ஹேண்டில்பாரோ இருந்தால் பேன்ட் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அப்புறம் அந்த உத்தரவை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஆனால் எடுத்துப்போடவும் இல்லை. 2013 ஜனவரியில்தான் பெண்கள் உரிமைத் துறை அமைச்சராக இருந்த நஜாத் வல்லோ பெல்காசெம், அது செல்லாது என்று முறைப்படி அறிவித்தார். ஆக, ஃபேஷனுக்குத் தலைநகரம் என்று நாம் நினைக்கிற ஊரின் லட்சணம் இது. நீ யாருக்கும் பயப்படாதே.

இத்தனை வருஷம் இங்கே மெட்ரோவில் எதிர் இருக்கைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். ஜீன்ஸின் அழகு கணுக்காலில் இருக்கிறது. விலையிலோ பிராண்டிலோ இல்லை, ஒல்லி உடம்பில்கூட இல்லை. இங்கே நன்றாக உடுத்துகிற ஐம்பது, அறுபது வயதுப் பெண்களைப் பார், அவர்கள் ஜீன்ஸ் எங்கே முடியவேண்டுமோ அங்கே சரியாக முடியும். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள், ஆனால் கீழே நான்கு விரல் துணி மடிந்து மடிந்து ஷூ மேல் உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் உள்பக்கம் வெளியே தெரிய மொத்தமாகச் சுருட்டிவிட்டிருப்பார்கள். நம் சராசரி உயரத்துக்கு எந்தக் கடை ஜீன்ஸும் நீளமாகத்தான் இருக்கும். வெட்டித் தைப்பது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

அதனால் ஜீன்ஸ் வாங்கியதும் முதல் வேலையாக ஒரு தடவை தண்ணீரில் அலசிக் காயப்போடு. முழுப் பருத்தி என்றால் கொஞ்சம் சுருங்கும், அதற்கப்புறம்தான் வெட்ட வேண்டும். டெய்லரிடம் போகும்போது பயணத்துக்குப் போடப்போகிற ஷூவையே மாட்டிக்கொண்டு போ. வீட்டுச் செருப்போடு அளவு கொடுத்தால் அங்கேயே கணக்கு தப்பும். அவர் குண்டூசி குத்தும்போது நேராக எதிரே பார்த்து நில். என்ன செய்கிறார் என்று குனிந்து பார்த்தாயானால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு மேலே ஏறும், முன்னால் தழையும். அப்படிக் குத்தின ஊசிக்குத் தைத்தால் வீட்டுக்கு வந்து நிமிர்ந்து நிற்கும்போது பின்னால் நீளமாகத் தொங்கும். நேரான கால் வைத்த ஜீன்ஸ் என்றால் கணுக்கால் எலும்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். அகலக் கால் என்றால் ஷூவோடு சேர்த்து, தரைக்கு ஒரு விரல் மேலே. தரையைக் கூட்டுகிற நீளம் கல்லூரிப் பெண்களுக்கு அழகாக இருக்கலாம். மழை பெய்த பாரிஸ் தெருவில் அது முழங்கால் வரைக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

இன்னொன்று. சாதாரண டெய்லர்கள் பேன்ட்டுக்கு அடிப்பது போல மெல்லிய நீல நூலில் மடித்து அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பார்த்ததுமே வெட்டியது தெரியும். பழைய மடிப்பை அப்படியே வெட்டி எடுத்து, மேலே சேர்த்துத் தைத்துக் கொடுக்கச் சொல். அதில் அந்த வெளுத்த ஓரமும் தடித்த மஞ்சள் நூலும் அப்படியே இருக்கும், தையல் உள்ளே மறைந்துவிடும். ‘ஒரிஜினல் மடிப்பு வைத்து’ என்றால் ஜீன்ஸ் ஆல்டரேஷன் செய்கிறவர்களுக்குப் புரியும். ஊரிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடு. இங்கே இதற்கே 15 யூரோ கேட்பார்கள்.

இடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். உயர இடுப்பு வைத்ததாகப் பார்த்து வாங்கு. பாவாடை நாடா கட்டுகிற இடத்துக்கு வந்து நிற்கும், நமக்குப் பழகிய இடம்தான். குனிந்தால் முதுகு தெரியாது, உட்கார்ந்தால் இறங்காது. பின்பக்கம் பட்டை தூக்கிக்கொண்டு நின்றால் அதையும் டெய்லரே பிடித்துத் தைத்துவிடுவார். பெல்ட் போட்டு இறுக்காதே, சுருக்கம் விழும்.

துணியில் லேபிளைப் பார். 98 சதவீதம் பருத்தி, 2 சதவீதம் எலாஸ்டேன் (ரப்பர் மாதிரி இழுபடும் நூல்) என்று இருந்தால் போதும். கடையில் போட்டுப் பார்க்கும்போது மெத்தென்று இழுத்துக்கொடுக்கிறதே என்று அதிக எலாஸ்டேன் போட்டதை எடுத்தால், சாயங்காலத்துக்குள் முட்டியில் பை விழுந்துவிடும். இங்கிருந்து மிலான் போகிற ரயிலில் ஏழு மணி நேரம் போல உட்கார்ந்திருக்கப் போகிறாய், ஞாபகம் வைத்துக்கொள். நிறம் கருநீலம் ஒன்று, கறுப்பு ஒன்று. மூன்றாவது வேண்டவே வேண்டாம்.

கடையிலேயே வெளுக்க வைத்து, தொடையில் வெள்ளைக் கோடு போட்டு விற்கிறார்களே, அது எனக்குப் பிடிக்காது. நம் வயதுக்குப் பொருந்தாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. துருக்கியில் ஜீன்ஸை வெளுக்க வைக்க மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிப்பார்கள். சின்னச் சின்னப் பட்டறைகளில், முகமூடிகூட இல்லாமல் அந்த வேலையைச் செய்த இளைஞர்களுக்குச் சிலிக்கா தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்தது. சுரங்கத் தொழிலாளிகளுக்கு வருகிற நோய், ஜீன்ஸ் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு வந்து உயிரை எடுத்தது. 2009இல் அந்த முறையைத் துருக்கி தடை செய்தது. இப்போது லேசர், வேறு முறைகள் எல்லாம் வந்துவிட்டன என்கிறார்கள். இருந்தாலும் ஒரு ஜீன்ஸ் நம் உடம்பில் நம் நடையால் வெளுக்கட்டுமே, யாருக்கென்ன அவசரம்?

மேலே என்ன போடுவது என்றுதானே அடுத்த கேள்வி. பாரிஸில் அவர்கள் ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. கருநீல ஜீன்ஸ், வெள்ளைச் சட்டை, தோளில் சரியாக உட்கார்ந்த ஒரு பிளேஸர், தட்டையான தோல் ஷூ. இதையே பாதி ஊர் போட்டுக்கொண்டு திரியும். 1970களில் நடிகையும் பாடகியுமான ஜேன் பிர்கின் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கையில் ஒரு பிரம்புக் கூடையுமாகச் சுற்றினார். இவர்கள் அந்தப் படங்களை இன்னும் விடவில்லை. இத்தனைக்கும் அவர் லண்டன்காரர்! வெளியூர்ப் பெண் ஒருத்தி வந்து தன் போக்கில் உடுத்தியதைத்தான் பாரிஸ் ஸ்டைல் என்று இந்த ஊர் எடுத்துக்கொண்டது. நீ உன் போக்கில் உடுத்த இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உன் போக்கு என்றால் குர்தி. ‘குர்தி ஜீன்ஸ் அங்கே ஒரு மாதிரி பார்ப்பார்களோ’ என்று எழுதியிருந்ததைப் படித்து எனக்குக் கோபமே வந்தது. முட்டிக்குக் கீழே தொங்குகிற, பக்கத்தில் வெட்டு வைத்த நீளக் குர்தியை ஜீன்ஸோடு போட்டு மேலே ஜாக்கெட்டும் மாட்டினால், ஜாக்கெட்டுக்குக் கீழே ஒரு நீளம், அதற்குக் கீழே ஒரு நீளம் என்று உருவம் துண்டு துண்டாகிவிடும். அது துணியின் தப்பு இல்லை, நீளத்தின் தப்பு. இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற குட்டைக் குர்தி, அச்சுப் பருத்தியில், கருநீல ஜீன்ஸ் மேல் போட்டுப் பார். இந்த ஊர்க்காரிகள் எங்கே வாங்கினாய் என்று நிறுத்திக் கேட்பார்கள், என்னைக் கேட்டிருக்கிறார்கள். துப்பட்டாவில் நல்ல கலம்காரி ஒன்று எடுத்து வா. கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று சுற்றி முனைகளை முன்னால் விட்டால் ஸ்கார்ஃப் தனியாக வாங்க வேண்டாம், குளிரும் தாங்கும்.

ஷூவுக்கு வருகிறேன். பளபள வெள்ளை ஸ்னீக்கரை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள், நல்லதுதான். ஆனால் புதுக் கருநீல ஜீன்ஸ் சாயம் விடும். ஷூவின் நாக்கிலும் வெள்ளைக் கைப்பையின் பக்கவாட்டிலும் நீலமாக ஒட்டிக்கொள்ளும், போகவே போகாது. பழுப்போ கறுப்போ தோல் ஷூ எடு, ரப்பர் அடி வைத்தது. ரோமில் தெருவெல்லாம் சின்னச் சின்னக் கருங்கல் பாவியது, சான்பியெத்ரினி என்பார்கள். இடுக்குகளில் ஹீல் சிக்கும், தேய்ந்த கல் மழையில் வழுக்கும். புது ஷூவை இங்கே வந்து பழக்கலாம் என்று நினைக்காதே. அண்ணன் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது நீயும் அதை மாட்டிக்கொண்டு நட.

இத்தாலியில் மகளோடு சுற்றப்போவதால் அவளே பார்த்துக்கொள்வாள். இருந்தாலும் சில விஷயங்கள். மிலானில் ஜீன்ஸ் போடுகிறவர்கள் அதை ஆபீஸ் உடை மாதிரிதான் நடத்துவார்கள், சட்டையும் பெல்ட்டும் ஷூவும் எல்லாம் மெருகாக இருக்கும். ஸ்கலா ஓபரா அரங்கில் டிக்கெட் எடுத்திருக்கிறாள் என்றாயே, அங்கே அரைக்கால் சட்டையும் பனியன் மாதிரி மேலாடையும் போட்டு வந்தால் உள்ளே விட மாட்டார்கள். ஜீன்ஸ் போட்டு வருகிறவர்கள் உண்டு. நீ போடாதே. அன்றைக்கு மட்டும் பட்டுப்புடவை. அந்தச் சிவப்பு வெல்வெட் இருக்கைகளுக்கு நம் காஞ்சிபுரத்தை விட்டால் வேறு எது ஈடு கொடுக்கும்?

நடுவில் ஒரு நாள் கிடைத்தால் ஜெனோவாவுக்குப் போய்விட்டு வாருங்கள். மிலானிலிருந்து ரயிலில் பக்கம்தான். யாரும் இதைச் சுற்றுலாப் பட்டியலில் போடுவதில்லை. சான் லொரென்சோ கதீட்ரலுக்குப் பக்கத்தில் மறைமாவட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 16ஆம் நூற்றாண்டிலிருந்து புனித வாரத்துக்காகச் செய்த பெரிய பெரிய லினன் திரைகள் மாட்டியிருக்கிறார்கள். அவுரி நீலத்தில் தோய்த்த துணி, அதன்மேல் வெள்ளையில் இயேசுவின் பாடுகள். முன்னால் போய் நின்றால் ஜீன்ஸ் நீலம்தான். ஜெனோவா துறைமுகத்திலிருந்து போன மலிவான நீலத்துணி ஐரோப்பாவில் ஏழைகள் உடுத்தியது. 17ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஓர் ஓவியர் இருந்தார், பெயர் யாருக்கும் தெரியாது. ஏழைகளாகவே வரைந்திருக்கிறார், எல்லார் உடம்பிலும் இந்த நீலம். 2010இல் பாரிஸில் அவர் படங்களைக் கண்காட்சி வைத்தார்கள். அதில் பிச்சை எடுக்கும் சிறுவன் ஒருவனின் சட்டை கிழிந்திருக்கும், கிழிசலின் ஓரத்தில் வெள்ளை நூல் எட்டிப் பார்க்கும். நீல நூலும் வெள்ளை நூலும் கலந்த நெசவு, இன்றைய டெனிமில் இருப்பது போலவே. உன் அப்பா இருந்திருந்தால் அந்த நெசவைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

அவர் ஞாபகம் வந்ததால் சொல்கிறேன். நம் புதுச்சேரி மில்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் நீலச்சாயத் துணி கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது, ‘கினே’ என்று பெயர். பிரெஞ்சு வியாபாரிகள் அதை செனகலுக்குக் கொண்டுபோய்ப் பணம் மாதிரியே கொடுத்து அங்கேயிருந்து கருவேலம் பிசினை வாங்கினார்கள். உன் அப்பா ஏ.எஃப்.டி. மில்லில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்குமே, அந்த வம்சத்தில் வந்த உனக்கு நீலத்துணி பொருந்துமா என்று ஒரு சந்தேகமா?

ஃபுளோரன்ஸில் பெல்ட் வாங்கு. சான்டா குரோசே தேவாலயத்துக்குப் பின்னால் தோல் வேலைப் பள்ளி ஒன்று இருக்கிறது, விலை அதிகம், ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்க்கலாம். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பார். ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குத் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். ஜீன்ஸுக்குத் தடை எதுவும் இல்லை, முட்டியில் கிழித்துவிட்டதைப் போட்டால் வாசலில் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். உன் மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடு, அவள் போட்டோக்களைப் பார்த்தேன். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகிற 64ஆம் நம்பர் பஸ் பிக்பாக்கெட்டுக்குப் பேர் போனது. பின் பாக்கெட்டில் போனை வைக்கவே வைக்காதே, அண்ணனுடைய பர்ஸும் முன் பாக்கெட்டுக்கு வரட்டும். பெண்கள் ஜீன்ஸில் முன் பாக்கெட் இரண்டு விரல் ஆழம்தான் வைக்கிறார்கள், அந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது! உனக்கு மார்போடு அணைத்துப் போடுகிற குறுக்குப் பைதான் கதி.

துவைப்பதைப் பற்றி. தினம் துவைக்கிற நம் பழக்கத்தை இங்கே விட்டுவிடு. லீவைஸ் நிறுவனத் தலைவராக இருந்த சிப் பெர்க், போட்டிருந்த ஜீன்ஸை ஒரு வருஷமாக வாஷிங் மெஷினில் போடவில்லை என்று 2014இல் மேடையிலேயே சொன்னார். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஆனால் அக்டோபர் குளிரில் நான்கைந்து நாள் தாராளமாகப் போடலாம். ராத்திரி உள்பக்கம் திருப்பி ஜன்னலோரம் தொங்கவிடு, கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடை. அவசரத்துக்கு ஹோட்டல் வாஷ்பேசினில் அலசிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. ஃபுளோரன்ஸிலும் ரோமிலும் நவம்பர் 1 வரை பொதுவாகக் கட்டட ஹீட்டர்களைப் போட மாட்டார்கள், மிலானில் அக்டோபர் 15 வரை. சட்டமே அப்படி. இடுப்புப் பட்டையும் பாக்கெட்டும் இரண்டு நாளானாலும் காயாது.

விமானத்தில் கனமான ஜீன்ஸைப் போட்டுக்கொள், பெட்டியில் எடை மிச்சம். தொளதொளவென்று ஒரு பைஜாமாவைக் கைப்பையில் வைத்து, ஏறியதும் மாற்றிக்கொள். சாப்பாடு கொடுக்கிற வரைக்கும் காத்திருந்தால் கழிவறையில் வரிசை நிற்கும்.

அண்ணனை நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஜீன்ஸுக்கு மேலே பாதி உள்ளே பாதி வெளியே என்று சட்டையை விடாமல் பார்த்துக்கொள். வேறு ஒன்றும் வேண்டாம், அவர் எப்போதும் பளிச்சென்றுதான் இருப்பார்.

எனக்கு நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு கிலோ போதும். மூடியை நன்றாகச் சுற்றி, அந்தப் புது ஜீன்ஸ் இருக்கிற பெட்டியில் வைக்காமல் அண்ணன் பெட்டியில் வை. இந்த வாரத்துக்குள் டெய்லரிடம் போய்விட்டு, ஷூவோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முட்டிக்குக் கீழே மட்டும் எடுத்தால் போதும், உன் மூஞ்சியை நான் நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
வசந்தி